ஜார்ஜ் என்றொரு கோள்

யுரேனஸ் கோளுக்கு இங்கிலாந்தில் வெகுகாலம் ஜார்ஜ் என்றுதான் பெயர். கேலியில்லை. 1781 மார்ச் 13 இரவு, பாத் நகரில், தன் கையால் செய்த தொலைநோக்கியில் வில்லியம் ஹெர்ஷல் அதைப் பார்த்தார். பிழைப்புக்கு அவர் ஆர்கன் வாசிக்கும் இசைக்கலைஞர். முதலில் ஏதோ வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். பாதையைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள்தான், வால்நட்சத்திரம் இப்படி வட்டம் போடாது, இது கோள் என்று முடிவு கட்டினார்கள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம். புதன் முதல் சனி வரை கண்ணுக்குத் தெரியும் ஐந்துக்கும் பெயர் வைத்தது யார் என்று கேட்க ஆளில்லை. எல்லாம் முன்னோர் விட்டுப்போனது. புதிதாக ஒன்று வந்தால் யார் வைப்பது? விதி எதுவும் கிடையாது. ஹெர்ஷல் தன் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை வைத்தார்: 'ஜார்ஜியம் சிடஸ்', அதாவது ஜார்ஜின் விண்மீன். மன்னர் ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை கொடுத்தார். இங்கிலாந்துக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்கும் ருசிக்கவில்லை. பிரான்சின் லலாந்த், 'ஹெர்ஷல்' என்றே அழைப்போம் என்றார். பெர்லினில் இருந்த வானியலாளர் போடே கிரேக்க, ரோமானியப் புராணத்தைப் புரட்டினார். செவ்வாய்க்கு அப்பா வியாழன், வியாழனுக்கு அப்பா சனி. அப்படியானால் அடுத்து நிற்க வேண்டியவர் சனியின் அப்பா, யுரேனஸ். 1789இல் அதே பெர்லினில் வேதியியலாளர் கிளாப்ரோத், தான் கண்டறிந்த தனிமத்துக்கு யுரேனியம் என்று பெயரிட்டார். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்பயண நாள்காட்டி 1850 வரை ஜார்ஜை விடவில்லை. போடேயின் பெயர் வென்றதற்கு அதன் அழகு காரணமல்ல என்பது என் எண்ணம். அடுத்த வீட்டு ராஜாவைத் தன் வானத்தில் ஏற்றிவைக்க வேண்டிய சங்கடம் அதில் யாருக்கும் இல்லை.

நெப்டியூன் கதையும் இதே ரகம். 1846இல் லெ வெரியே அது இருக்க வேண்டிய இடத்தைக் காகிதத்தில் கணக்கிட்டுச் சொன்னார். பெர்லினில் வானியலாளர் கால்லே அங்கே பார்த்தார், இருந்தது. 'நெப்டியூன்' என்று முதலில் சொன்ன லெ வெரியேவே, பிறகு மனம் மாறித் தன் பெயரையே வைக்க ஆசைப்பட்டார். முன்னுதாரணம் வேண்டுமே என்று, தன் எழுத்தில் யுரேனஸை 'ஹெர்ஷல்' என்று குறிப்பிடவும் தொடங்கினார். சாமர்த்தியம்தான், பலிக்கவில்லை.

சிறுகோள்களில் இந்த அளவுக்குச் சண்டையில்லை. கண்டுபிடித்தவரே பெயர் சொல்வது வழக்கமாயிற்று. 1861இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒன்றைக் கண்டார். இந்தக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. பெயர் 'ஆசியா'.

1930இல் புளூட்டோ. அரிசோனாவின் லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டாம்போ கண்டுபிடித்தார். ஆய்வகத்தை நிறுவிய லோவெல் அப்போது உயிரோடு இல்லை. அவர் மனைவி முதலில் 'ஜீயஸ்' என்றார், அப்புறம் கணவர் பெயர், கடைசியில் தன் பெயரையே சொன்னார். அதே நேரம் ஆக்ஸ்ஃபோர்டில் காலை உணவு மேசையில் தாத்தா செய்தித்தாளை வாசிக்க, 11 வயது வெனிஷியா பர்னி, "புளூட்டோன்னு வைக்கலாமே" என்றாள். இருட்டில், தொலைவில் கிடக்கும் உலகத்துக்குப் பாதாள தேவனின் பெயர். தாத்தா தனக்குத் தெரிந்த வானியலாளர் டர்னரிடம் சொல்ல, அவர் அமெரிக்காவுக்குத் தந்தி அடித்தார். ஆய்வகத்தில் மினர்வா, குரோனஸ், புளூட்டோ மூன்றும் வாக்கெடுப்புக்கு வந்தன. மினர்வா ஏற்கெனவே ஒரு சிறுகோளின் பெயர். குரோனஸைச் சொன்ன ஆளை வானியலாளர்களுக்குப் பிடிக்காது. புளூட்டோவின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் பெர்சிவல் லோவெலின் முதலெழுத்துகளாகவும் அமைந்துவிட்டன. சிறுமிக்குத் தாத்தா கொடுத்த பரிசு ஐந்து பவுண்டு. (டிஸ்னியின் நாய்க்குப் பெயர் வந்தது இதற்குப் பிறகு.)

இன்று பொறுப்பு சர்வதேச வானியல் ஒன்றியத்திடம். காசு வாங்கிக்கொண்டு விண்மீனுக்கு உங்கள் பெயரை வைத்துச் சான்றிதழ் தரும் கடைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூரியக் குடும்பத்தில் புதிய பொருள் தென்பட்டால் முதலில் கிடைப்பது ஒரு தற்காலிகக் குறியீடு. '2003 யூபி 313' என்பதைப் பிரித்துப் பார்ப்போம். 2003 ஆண்டு. ஒவ்வொரு மாதத்தையும் இரண்டாக வெட்டி, ஆங்கில 'ஐ'யை விட்டுவிட்டு வரிசையாக எழுத்துகள் கொடுக்கிறார்கள். 'யூ' என்றால் அக்டோபரின் பிற்பாதி. அந்த அரைமாதத்தில் எத்தனையாவது என்பதற்கு அடுத்த எழுத்து. 'ஏ' முதல் 'இசட்' வரை 25 தீர்ந்தால் மறுபடி 'ஏ'யிலிருந்து. எத்தனை சுற்று முடிந்தது என்பதைக் கடைசி எண் சொல்லும். 313 சுற்று முடிந்து இரண்டாவது எழுத்து 'பி'. ஆக, 7,827ஆவது பொருள்.

2003இல் எடுத்த படங்களில் ஒளிந்திருந்த இதை மைக் பிரவுனின் குழு கவனித்தது 2005 ஜனவரியில். தங்களுக்குள் 'ஸீனா' என்ற தொலைக்காட்சித் தொடர் நாயகியின் பெயரால் அழைத்தார்கள். முறையான பெயர் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கோள்களுக்குப் பெயர் பார்க்க ஒரு குழு, சிறுகோள்களுக்கு வேறொரு குழு. இது எந்த வகை என்று தெரிந்தால்தானே கோப்பு எந்த மேசைக்குப் போகும்? புளூட்டோ அளவுக்கு இது பெரிது. இது கோள் இல்லையென்றால் புளூட்டோ மட்டும் எப்படிக் கோள்? 2006 ஆகஸ்டில் பிராகாவில் கூடி, இரண்டும் கோள் அல்ல, குறுங்கோள் என்று வகுத்தார்கள். அடுத்த மாதமே பெயர் வந்தது: ஏரிஸ், கிரேக்கத்தில் சண்டை மூட்டும் தேவதை. பிரவுனுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களில் எழுத்துதான் பெயர். விண்மீனே 'ஏ' என்று கொள்ளப்படுவதால் முதலில் கிடைத்த கோள் 'பி', அடுத்தது 'சி'. தொலைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 55 கேன்க்ரி குடும்பத்தில் விண்மீனை ஒட்டிச் சுற்றுவது 'இ'; அது தாமதமாகக் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். 2015இல் ஒன்றியம் பொதுமக்களிடம் பெயர் கேட்டது. 2019இல் நாட்டுக்கு ஒரு விண்மீன், ஒரு கோள் என்று பங்கிட்டுக் கொடுத்தது. இந்தியா தன் விண்மீனுக்கு இயற்பியலாளர் விபா சௌத்ரியின் நினைவாக 'விபா' என்றும் கோளுக்குச் 'சந்தமச' என்றும் பெயரிட்டது. மலேசியாவின் கோளுக்குப் 'பைடூரி'. நம் வைடூரியத்தின் உறவுக்காரச் சொல் அது.

சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றுவதாக முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட புறக்கோளான 51 பெகாசி பி-க்கும் 2015இல் பெயர் கிடைத்தது: டிமிடியம், லத்தீனில் பாதி. வியாழனின் எடையில் ஏறக்குறைய பாதி என்பதால். அதைக் கண்டுபிடித்த மேயருக்கும் கெலோவுக்கும் நான்கு வருடம் கழித்து நோபல் பரிசு அறிவித்தபோது, அந்த அறிக்கையில் கோளின் பெயர் 51 பெகாசி பி என்றே இருந்தது.