தடித்த ஃபோம் போர்டு ஏன் பிய்கிறது?

படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “5 மி.மீ. ஃபோம் போர்டை வெட்டினால் விளிம்பு வழவழப்பாக வருகிறது. அதே கட்டரால் 10 மி.மீ. பலகையை வெட்டினால் நடுவில் பிய்ந்து துகளாகக் கொட்டுகிறது, வெட்டும் சாய்ந்துவிடுகிறது. எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவுக்கு மோசமாகிறது. வேறு பிளேடு வாங்க வேண்டுமா, சூடான கம்பியால் அறுக்கலாமா?”

நல்ல கேள்வி. அழுத்தும்போது மோசமாகிறது என்பதைக் கவனித்துச் சொன்னதற்காக அவருக்குத் தனியாக நன்றி. விடை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஃபோம் போர்டின் அமைப்பு எளிது. நடுவில் பாலிஸ்டைரீன் நுரை, அதன் இரு முகங்களிலும் ஒட்டிய காகிதம். தெர்மாகோலும் இதே பாலிஸ்டைரீன்தான். பலகையை வளைத்தால் ஒரு பக்கத்துக் காகிதம் இழுபடும், மறுபக்கத்துக் காகிதம் நெருக்குப்படும். இரண்டையும் விலக்கி நிறுத்துவதுதான் நுரையின் வேலை. அந்த இடைவெளி இரட்டிப்பானால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். பெரிய படங்களுக்குப் பின்னால் 10 மி.மீ. பலகையைக் கேட்பது இதனால்தான். கடைகளில் சன்போர்டு என்று கிடைப்பது பெரும்பாலும் பி.வி.சி. நுரை. அதற்குக் காகித உறை கிடையாது, அது வேறு கதை.

பிய்ந்துபோன விளிம்பைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். மேல் காகிதத்துக்குச் சற்றுக் கீழே நுரையறைகள், அதாவது நுரையிலுள்ள சின்னஞ்சிறு காற்றறைகள், நசுங்கிப் படிந்து ஒரு மெல்லிய ஏடாகக் கிடக்கும். நடுவில் ஆங்காங்கே பள்ளங்கள் தெரியும். பல அறைகள் ஒரே கொத்தாகப் பிடுங்கப்பட்ட இடங்கள் அவை. மேசையில் கொட்டிய துகள்கள் அந்தப் பள்ளங்களிலிருந்து வந்தவை. அடிக்காகிதத்தில் நார்கள் சிலிர்த்து நிற்கும். நன்றாக வெட்டுப்பட்ட விளிம்பில் இவை எதுவும் இராது. ஒவ்வோர் அறையும் குறுக்கே திறந்து, அதன் சுவர் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். பிய்ந்த விளிம்பில் நடந்தது கிழிதல், நல்ல விளிம்பில் நடந்தது வெட்டு.

நுரையின் கனஅளவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் காற்றுதான். மிச்சம் இருப்பது சில மைக்ரோமீட்டர் தடிப்புள்ள அறைச் சுவர்கள். ஒரு துண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் மூன்று கட்டங்களை உணரலாம். முதலில் அது எதிர்க்கும்; விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஓர் எல்லையைத் தாண்டியதும் சுவர்கள் வரிசை வரிசையாக மடங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு விசையைக் கூட்டவே வேண்டாம், நுரை தானாக அமுங்கிக்கொண்டே போகும். கடைசியில் சுவரோடு சுவர் ஒட்டியதும் மறுபடி இறுகிவிடும். பொருளறிவியல் ஆய்வாளர்கள் லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும் 1988இல் வெளியிட்ட நூல், மரம், எலும்பு, நுரை என எல்லா அறைப் பொருள்களின் இந்த நடத்தையையும் ஒரே கணக்கில் கட்டிக் காட்டியது.

ஆக, கத்தி முனைக்குக் கீழே, அதாவது வெட்டும் கூர்விளிம்புக்குக் கீழே, ஒரு போட்டி நடக்கிறது. சுவர் பிளப்பது முந்துமா, மடங்குவது முந்துமா? பிளப்பது முந்தினால் சுத்தமான வெட்டு. மடங்குவது முந்திவிட்டால், நசுங்கிய அறைகள் முனையைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் கத்தி எதையும் வெட்டுவதில்லை. அந்த அடைப்பைத் தள்ளிக்கொண்டு போகிறது, அண்டை அறைகள் இழுபட்டு அறுகின்றன. வாசகர் கூடுதலாக அழுத்திய ஒவ்வொரு முறையும் மடங்கும் பக்கத்துக்கே வலுச் சேர்த்திருக்கிறார்.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கையை நுண்ணோக்கியில் பார்த்து ‘செல்’ என்று பெயர் வைத்ததைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அதற்கு முன் அவர் செய்த காரியத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. பேனாக்கத்தியைச் சவரக்கத்தி அளவுக்குக் கூர் தீட்டிக்கொண்டு, அதன் பிறகே தக்கையைச் சீவினார். தக்கையும் அறைகளால் ஆன பொருள்தான். மழுங்கிய கத்தியால் சீவியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது நசுங்கிய ஏடு மட்டுமே. உயிரியலின் அந்தப் பெரிய கண்டுபிடிப்பில் லென்ஸுக்குச் சமமான பங்கு கத்திக்கும் உண்டு என்பேன்.

ஆனால் கூர்மை மட்டும் போதாது. கத்தி எந்தத் திசையில் நகர்கிறது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இருக்கிறது. பழனிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: படிவழியாக நேராக ஏறினால் மூச்சு வாங்கும், யானைப் பாதை வளைந்து வளைந்து நீளமாகப் போகும், ஏற்றம் உறைக்காது. மலையின் உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான். கத்தியைப் பொருளுக்குள் நேராக அமுக்குவது படிவழி. அமுக்கும்போதே முனையின் நீளவாக்கில் இழுப்பது யானைப் பாதை.

இதைக் கணக்காக எழுதியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி அட்கின்ஸ். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் தந்த விடை அவ்வளவு அழகானது. முனை உள்ளே இறங்கும் தூரமும் நீளவாக்கில் நழுவும் தூரமும் சமமாக இருந்தால், உள்நோக்கி அமுக்கத் தேவைப்படும் விசை பாதியாகிறது. இரண்டு மடங்கு நழுவினால் ஐந்தில் ஒரு பங்கு, மூன்று மடங்கு நழுவினால் பத்தில் ஒரு பங்கு. நழுவும் விகிதத்தின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதனால் வகுத்தால் போதும். உராய்வைச் சேர்த்தால் இலாபம் சற்றுக் குறையும், போக்கு மாறாது. மொத்த உழைப்பு குறைவதில்லை. நீளவாக்கில் இழுக்கும் கை மிச்சத்தைத் தந்துவிடுகிறது. ஆனால் நுரையறைகளை முன்கூட்டியே மடக்குவது உள்நோக்கிய அமுக்கம்தான். அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டு வெட்டை மட்டும் நடத்திக்கொள்ள இயற்கை வழி விட்டிருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

கட்டரில் இந்த நழுவலைத் தருவது பிளேடு பலகையோடு செய்யும் கோணம். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் முனை நுரைக்குள் நேராக மோதுகிறது, நழுவலே இல்லை. 45 பாகைக்குச் சாய்த்தால் முனையின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தரும் அமுக்கம் பாதியாகிறது. 30 பாகைக்குச் சாய்த்தால் கால் பங்கு.

இப்போது 10 மி.மீ. பலகையின் சிக்கல் விளங்கும். 30 பாகைச் சாய்வில் 5 மி.மீ. பலகையை ஊடுருவ 10 மி.மீ. பிளேடு போதும். 10 மி.மீ. பலகைக்கு 20 மி.மீ. வேண்டும். அவ்வளவு நீளம் எட்டாததால் கை தன்னையறியாமல் கத்தியை நிமிர்த்துகிறது. நிமிர்ந்ததும் நழுவல் போய்விடுகிறது, நுரை மடங்குகிறது. எட்ட வேண்டும் என்று பிளேடை நிறைய வெளியே தள்ளினால் வேறொரு தொல்லை: நீட்டிய நீளம் இரட்டிப்பானால் பிளேடு பக்கவாட்டில் எட்டு மடங்கு வளையும். விளிம்பு சாய்வது அதனால்தான். போதாக்குறைக்கு, வெட்டிய நுரை இரு பக்கமும் விரிந்து பிளேடைக் கவ்விக்கொள்கிறது. உள்ளே புதைந்த பரப்பு கூடக் கூட உராய்வும் கூடும்.

எனவே ஒரே இழுப்பில் வெட்ட முயல வேண்டாம். இரும்பு ஸ்கேலை வைத்து, கத்தியைத் தாழ்வாகச் சாய்த்து, முதல் இழுப்பில் மேல் காகிதத்தையும் அதற்கடியில் சிறிது நுரையையும் மட்டும் வெட்டுங்கள். அடுத்தடுத்த இழுப்புகள் அதே பிளவுக்குள் இறங்கட்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆழம் போதும், கையின் எடைக்கு மேல் விசை வேண்டாம். அடிக்காகிதம் தனி இழுப்பில் வெட்டுப்பட வேண்டும். அதற்கடியில் கட்டிங் மேட்டோ பழைய அட்டையோ ஒட்டி இருக்க வேண்டும். தாங்கல் இல்லாத காகிதம் முனையிலிருந்து விலகி ஓடும், நார் நாராகக் கிழியும். பிளேடில் 9 மி.மீ. அகலத்தைவிட 18 மி.மீ. அகலத்தையே நான் பரிந்துரைப்பேன். 9 மி.மீ. பிளேடின் தடிப்பு 0.38 மி.மீ. அளவில் இருக்கும், 18 மி.மீ. பிளேடு 0.5 மி.மீ. அளவில் இருக்கும். இந்தச் சிறு வேறுபாடும் இரட்டை அகலமும் சேர்ந்து வளைவுக்கு எதிரான விறைப்பை நான்கு மடங்குக்கும் மேலாக்குகின்றன.

பிளேடை மழுக்குவது நுரை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது காகிதம். பளபளப்புக்காகக் காகிதத்தில் சேர்க்கும் களிமண்ணும் கால்சியம் கார்பனேட்டும் எஃகைவிட மிருதுவானவைதான், ஆனாலும் கூரைக் கெடுக்கும். மிருதுவானது கடினமானதைக் கெடுக்குமா என்றால், கெடுக்கும். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெம் தாசனின் குழு சவர பிளேடையும் முடியையும் மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்துப் பார்த்தது. எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மிருதுவான முடி, கூர்முனையில் சில்லு பெயர்க்கிறது. எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடி வளைந்து மோதும்போது அது நிகழ்கிறது. ஒசாகாவில் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா 1956இல் துண்டு துண்டாக ஒடிக்கும் பிளேடை உருவாக்கியது, இந்த மழுங்கலுக்கான அருமையான தீர்வு. சாக்லேட் கட்டியில் உள்ள கோடுகளைப் பார்த்து வந்த யோசனை அது. தயங்காமல் ஒடியுங்கள். ஒரு துண்டு பிளேடின் விலை, வீணாகும் பலகையின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒடித்த துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

பிரேம் கடைகளில் ‘அவருக்குக் கைராசி’ என்று ஒரு பேச்சு உண்டு. ராசி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தக் கையில் இருப்பது கோணம், பொறுமை, புதுப் பிளேடு. ராசி என்று சொல்லிவிட்டால் கடைக்குப் புதிதாக வரும் பையனுக்குக் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லாமல் போய்விடும்.

வெட்டுவதைப் பற்றியெல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. மென்மையான ஜெல்லைக் கம்பியால் நேராக அமுக்குவதைவிடப் பக்கவாட்டில் இழுத்தால் பிளவு எளிதில் தொடங்குகிறது என்று 2012இல் காட்டிய ஹார்வர்ட் குழுவில் இருந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த எல். மகாதேவன். விரிப்புகளில் சுருக்கம் எப்படி விழுகிறது என்ற ஆய்வுக்காக 2007இல் இக்நோபல் பரிசையும் (முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு) பெற்றவர். அறுவைச் சிகிச்சை மருத்துவர், கரும்பு வெட்டுபவர், தையல்காரர் என எத்தனை பேருக்கு இந்தக் கேள்வி சொந்தம்! கிண்டியில் 1968இல் தொடங்கிய சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பொறியியல் கல்லூரிகளிலும் பொருள்களைச் சோதிக்கும் கருவிகள் இருக்கின்றன. பட்டறைக் கேள்விகளுக்கென்று சிறு நிதி ஒதுக்கினால் மாணவர்களே நல்ல விடைகளைத் தருவார்கள்.

மிச்சம் இருப்பது சூடான கம்பி. பாலிஸ்டைரீன் 100 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். கம்பி தொடுவதற்கு முன்பே நுரை விலகி வழி விடும், விளிம்பு கண்ணாடியாக வரும். ஆனால் காகிதம் உருகாது. கருகும், கம்பியை மறிக்கும். ஆகவே காகிதம் ஒட்டாத நுரைக்கு மட்டுமே கம்பி பொருந்தும். அங்கும் சூட்டை அளவோடு வைத்து, சன்னலைத் திறந்துவைத்தே செய்ய வேண்டும். மிகுந்த சூட்டில் ஸ்டைரீன் ஆவி வெளிவரும், அதை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. லேசரிலும் இதே குறைதான்: காகிதம் சுத்தமாக வெட்டுப்படும், நடுவிலுள்ள நுரை உருகி உள்ளே வாங்கிவிடும்.