மியூட்டிங்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்லலாம்?

சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போர்டு பலதுல 'மியூட்'னு ஒரு பின், அதாவது இணைப்புக் கால் இருக்கும், ஆம்ப் ஓடிட்டு இருக்கப்பவே சத்தத்த மட்டும் அடக்குறதுக்கு; அப்படி அடக்குறதுதான் மியூட்டிங். லத்தீன்ல 'மூட்டுஸ்'னா பேச்சில்லாதன்னு அர்த்தம், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. எலக்ட்ரானிக்ஸ் வர்றதுக்கு முன்னாடியே வயலின் குதிரை (தந்திகளத் தாங்குற கட்டை) மேல மாட்டி சத்தத்த கம்மி பண்ற சின்ன துண்டுக்கும் மியூட்னுதான் பேரு.

கொடைக்கானல் மேல்மலைல, பூம்பாறை மன்னவனூர் பக்கமெல்லாம் காத்தும் மழையும் அடிக்கிறப்ப கரண்ட் போய் போய் வரும், வர்றப்பல்லாம் ஸ்பீக்கர் 'டப்'புனு உதைக்கும். ஏன்னா 12 வோல்ட் சிங்கிள் சப்ளை (மைனஸ் வோல்டேஜ் இல்லாத) ஆம்ப்ல அவுட்புட் பாதில, அதாவது 6 வோல்ட்ல நிக்கணும், ஆன் பண்ணதும் 0லேருந்து அங்க ஏறுறப்ப அவுட்புட் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுற கரண்ட் ஸ்பீக்கர் காயில் வழியாத்தான் போகும், கோன் ஒரு குதி குதிச்சிரும்.

நிறைய பேர் இன்புட்ல ஒரு டிரான்சிஸ்டர் போட்டு சிக்னல கிரவுண்டுக்கு இழுத்துட்டு, அப்பவும் டப்புங்குதேன்னு கேக்குறாங்க. அது ப்ரீஆம்ப்லேருந்து (ஆம்ப்புக்கு முன்னாடி இருக்குற சர்க்யூட்) வர்ற சத்தத்த மட்டும்தான் நிறுத்தும், இந்த உதை அதுக்கு அப்புறம் பொறக்குறது. அதுக்கு ஸ்பீக்கர் லைன்ல ரிலே, அதாவது கரண்ட்ல இயங்குற சுவிட்ச் வேணும். 100 கே ரெசிஸ்டரும் 22 மைக்ரோஃபாரடும் சேர்ந்தா டைம் கான்ஸ்டன்ட் (சார்ஜ் ஏற எடுக்குற நேரத்தோட அளவு) 2.2 செகண்டு, அதுக்கப்புறம் ரிலே சேர்ற மாதிரி வைக்கலாம். ஆனா 1000 மைக்ரோஃபாரட் அவுட்புட் கெப்பாசிட்டரோட ஸ்பீக்கர் பக்கத்துலேருந்து கிரவுண்டுக்கு ஒரு 470 ஓம் கட்டாயம் போடுங்க, இல்லன்னா ரிலே சேர்ற நொடிலதான் அது சார்ஜ் ஆகும், டப் சத்தம் லேட்டா வரும், அவ்வளவுதான் வித்தியாசம். மலைல ஈரமும் பனியும் ஜாஸ்தி, அதனால மூடி சீல் வச்ச ரிலேயா பாத்து வாங்குங்க.

டிடிஏ 7294 மாதிரி ஆம்ப் ஐசில ஸ்டாண்ட்பைக்கு (ஆம்ப்ப தூங்க வச்சிருக்குற நிலை) ஒரு கால், மியூட்டுக்கு ஒரு கால்னு தனித்தனியா இருக்கும். எல்எம் 3886ங்கிற இன்னொரு ஆம்ப் ஐசில மியூட் கால எதுலயும் இணைக்காம விட்டா சத்தமே வராது, மைனஸ் சப்ளை பக்கம் 0.5 மில்லிஆம்பியராவது இழுக்கணும்.

தமிழ்ல 'ஒலியடக்கம்'தான் சரின்னு நான் நெனைக்கிறேன். 'அணைப்பு'ன்னு எழுதுனா தப்பு, ஆம்ப் ஓடிட்டுதான் இருக்கு, சத்தத்த மட்டும்தான் புடிச்சு வச்சிருக்கோம். ஸ்டாண்ட்பைக்கு 'காத்திருப்பு' போதும்.

எஃப்எம் டியூனர்ல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வர்ற இரைச்சல வெட்டுறதும் ஒலியடக்கம்தான். ஆனா அது சிக்னல் கம்மியா இருந்தா ஸ்டேஷனையும் சேத்து அடக்கிரும், மலை மறைக்கிற எடத்துல கோடை பண்பலை 100.5 கேக்கணும்னா அத ஆஃப் பண்ணிட்டு தேடுங்க.