பாரத்தைப் பின்னுக்கு வைக்காதீர்கள்: ட்ரெயிலரில் கார் கொண்டு வருகிறவர்களுக்கு

சென்ற சனிக்கிழமை இரவு ஒரு தம்பி எங்கள் கராஜுக்கு வந்தார். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மிட்லண்ட்ஸில் ஏலத்தில் எடுத்த காரை வாடகை ட்ரெயிலரில் ஏற்றி, எம்1 மோட்டர்வே வழியாக லண்டனுக்குக் கொண்டு வந்திருக்கிறார். ஓர் இறக்கத்தில் லொறியொன்றை முந்தும்போது ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கியது. இரண்டு ஆட்டத்தில் அடுத்த பாதைக்குள் போய்விட்டது. கடைசியில் இழுத்த காரையும் குறுக்கே திருப்பி, தடுப்பில் உரசி நின்றிருக்கிறது. நல்லகாலம், யாருக்கும் காயமில்லை. இந்த வருடம் இப்படி என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ட்ரெயிலரைப் போய்ப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆகாத கார். தள்ளி ஏற்ற வசதியென்று பின்பக்கம் முன்னுக்கு வருமாறு ஏற்றியிருந்தார்கள். எஞ்சின், கியர்பொக்ஸ் எல்லாம் ட்ரெயிலரின் கடைசியில்.

"ஏன் தம்பி இப்பிடி ஏத்தினனீங்கள்?"

"முன்னுக்குப் பாரம் போட்டா என்ரை காரின்ரை பின்பக்கம் அமருது அண்ணை. அதுதான் பின்னுக்கு விட்டனான்."

மூன்று பேரும் சொன்னது இதைத்தான். கார் அமரக் கூடாதாம்!

ஊரில் மாட்டு வண்டில் கட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மூட்டைகளைப் பின்னுக்கு அடுக்கினால் நுகம் மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அதனால் நுகத்தில் கொஞ்சம் பாரம் இருக்கிற மாதிரித்தான் மூட்டை அடுக்குவார்கள். ட்ரெயிலரும் அதே வண்டில்தான். பாரம் பின்னுக்குப் போனால் ட்ரெயிலரின் மூக்கு, அதாவது காரோடு மாட்டுகிற முன்முனை, உங்கள் காரின் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது. பின் டயர்களுக்குத் தரையில் பிடி குறைகிறது. அந்த நேரத்தில் ஒரு பக்கக் காற்று, ஒரு லொறியின் இழுப்பு போதும். கடைசியில் இருக்கிற பாரம் ஊஞ்சல் மாதிரி ஒவ்வொரு தடவையும் இன்னும் அகலமாக ஆடும். முதல் 20 மைல் ஒன்றும் நடக்கவில்லை என்று நம்பிவிடாதீர்கள். 40 மைல் வேகத்தில் சாதுவாக வருகிற ட்ரெயிலர் 60இல் வேறு மிருகம்.

காரின் பின்பக்கம் கொஞ்சம் அமர வேண்டும். எவ்வளவு? ஏற்றிய ட்ரெயிலரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் மூக்கில் இருப்பது நல்லது. 600 கிலோ ட்ரெயிலரில் 1,400 கிலோ கார் என்றால் மொத்தம் 2,000. மூக்கில் குறைந்தது 100 கிலோ. ஆனால் உங்கள் காரும், ட்ரெயிலரை மாட்டுகிற டோபாரும் எவ்வளவு தாங்கும் என்று கைநூலிலும் தகட்டிலும் எழுதியிருக்கும். சில கார்களுக்கு 75தான். அப்படியானால் அந்தக் கார் இந்த வேலைக்குச் சரிவராது. பாரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

அளக்க ஒரு குளியலறைத் தராசு போதும். ட்ரெயிலரை மட்டமான தரையில் நிறுத்தி, மூக்குக்குக் கீழே ஒரு மரக்கட்டை, அதற்குக் கீழே தராசு. மூக்கு, டோபாரில் உள்ள உருண்டையின் (டோபோல்) உயரத்தில் இருக்க வேண்டும். தம்பிக்கும் இப்படித்தான் காட்டினேன். காரைச் சரியாகத் திருப்பி ஏற்றினோம். தராசு 140 காட்டியது. 10 சென்டிமீட்டர் பின்னுக்கு உருட்டினோம், ஒரு விரற்கடை கூடப் பிழைக்காமல். 100. அச்சுக்கும் மூக்குக்கும் இடையில் மூன்றரை மீட்டர் இருக்கிற ட்ரெயிலரில், ஒரு கை அகலம் நகர்த்தினாலே 40 கிலோ மாறுகிறது! கண்ணால் பார்த்து "காணும், காணும்" என்று சொல்கிறவர்கள் இதை யோசியுங்கள். அளந்த பிறகு, ஏற்றிய காரின் டிக்கிக்குள் பழைய சில்லுகளைத் தூக்கிப் போடுவதும் வேண்டாம்.

இன்னொரு பொய்யும் சுற்றுகிறது: ஆடத் தொடங்கினால் வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடுமாம். ஐயோ, செய்யாதீர்கள். ஆட்டம் கூடத்தான் செய்யும். அக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்.

1997 ஜனவரி 1இலிருந்து லைசென்ஸ் எடுத்தவர்கள் முன்பு இந்த எடைக்குத் தனியாக டெஸ்ட் செய்ய வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16இலிருந்து பிரிட்டனில் சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை ட்ரெயிலர் இழுக்கலாம். சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக உங்கள் கார் அவ்வளவு இழுக்கும் என்று அர்த்தமில்லை. மோட்டர்வேயில் 60தான், 70 இல்லை. மூன்று பாதை இருந்தால் வலது ஓரப் பாதைக்குள் போகவே கூடாது.

ஏற்றிய காரைக் கட்டுகிற பட்டி நான்கு சில்லுக்கும் தனித்தனியாக. கியரும் ஹாண்ட்பிரேக்கும் போட்டால் காணாது. பத்து மைல் ஓடியதும் நிறுத்தி, பட்டிகளை மறுபடி இறுக்குங்கள். மூக்கு கழன்றால் ட்ரெயிலரின் பிரேக்கைப் பிடிக்கிற அந்த மெல்லிய கேபிளை மறக்காமல் மாட்டுங்கள். மூலையில் மாதக்கணக்காக நின்ற ட்ரெயிலர் என்றால் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து முடித்தபிறகும் சந்தேகமாக இருந்தால், பக்கத்தில் நின்று, காரும் ட்ரெயிலரும் முழுதாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. இரவு பன்னிரண்டு மணியானாலும் பரவாயில்லை. என் பதில் வரும்வரை மட்டும் புறப்படாதீர்கள்.