கமிட்டி, செயற்குழு, பொதுக்குழு: ஒரு சொல் விளக்கம்

“அந்தப் படத்துல கமிட் ஆயிட்டேன்” என்று நடிகர் சொல்வதிலும் “தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி” என்ற பெயர்ப்பலகையிலும் இருப்பது ஒரே வேர். இலத்தீனில் ‘கொம்’ என்பது சேர்ந்து. ‘மித்தெரே’ என்பது அனுப்பு. இரண்டும் கூடி, ஒரு பொறுப்பை ஒருவர் கையில் ஒப்படைத்தல் என்ற பொருளுக்கு வந்தன. ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் கூட்டத்தைக் குறிக்கவில்லை. பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட தனி ஆளைத்தான் குறித்தது. மனநலம் குன்றியவரின் சொத்தைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்ட ஒற்றை ஆளையும் பழைய ஆங்கிலச் சட்டம் கமிட்டி என்றே அழைத்தது. பலர் சேர்ந்த அமைப்பு என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

ஆகவே கமிட்டி என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கேள்வி இருக்கிறது: ஒப்படைத்தவர் யார்?

தமிழில் நாம் வைத்திருக்கும் ‘குழு’வுக்குள் இந்தக் கேள்வி இல்லை. குழு, குழாம், குழுமு, குழூஉக்குறி எல்லாம் கூடுதல் என்ற ஒரே கருத்தைச் சுற்றி வருபவை. கூடியிருந்தால் குழு, யார் கூட்டினார்கள், எதற்காக என்பதைச் சொல் சொல்லாது. சிலப்பதிகாரத்தில் வரும் ஐம்பெருங்குழு அரசனைச் சுற்றி நின்ற அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் (ஒற்றர்) என்னும் ஐவகையினர். அது மதிப்பான இடம். திருக்குறளிலோ நாட்டுக்கு இருக்கக் கூடாதவற்றின் பட்டியலில் முதலில் நிற்பது குழு: “பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு” (735). அங்கே குழு என்பது பிளவுபட்டு நிற்கும் கூட்டம். இன்று அணி என்றும் கோஷ்டி என்றும் சொல்கிறோமே, அது. கோஷ்டிக்கும் இதே கதிதான். பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதும் கோஷ்டி மரியாதைக்குரியது. கட்சி அலுவலக வாசலில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு.

ஒப்படைப்பு என்ற கருத்தோடு சேர்ந்த தமிழ்ச் சொல் இல்லாமலில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) சொல்லும் வாரியம் அத்தகையது. 30 குடும்புகளிலிருந்து (இன்றைய வார்டு போன்றவை) குடவோலை முறையில் ஆள் எடுத்து, சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என அமர்த்தினார்கள். வயது 35க்குக் குறையக் கூடாது, 70ஐத் தாண்டக் கூடாது. பதவி 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வர முடியாது. எத்தனை பேர், எவ்வளவு காலம், யாருக்குக் கணக்கு என்ற மூன்றும் இருப்பதால் கமிட்டிக்கு நேர்ச் சொல் இதுதான் என்று வாதாடலாம். வாதம் நியாயமானது, பயன்படாது. மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று ‘போர்டு’ அதை எடுத்துக்கொண்டுவிட்டது. கமிஷனுக்கு ஆணையம் என்றாகிவிட்டது. கட்சிக்குக் குழுதான்.

கட்சி வழக்கில் இச்சொல் இரண்டு தடத்தில் வந்தது. காங்கிரஸ் ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொண்டது. 1920 நாகபுரி மாநாட்டில் அமைந்த அதன் செயற்குழுவைத் தமிழ் ஏடுகள் பல காலம் ‘காரியக் கமிட்டி’ என்றே எழுதின. வடமொழியும் ஆங்கிலமும் சேர்ந்த அந்தக் கலவை இன்றும் செய்திகளில் எட்டிப்பார்க்கும். திராவிட இயக்கம் கமிட்டியை ஒதுக்கிச் செயற்குழு, பொதுக்குழு என்று எழுதியது. இன்று மாநிலக் கட்சிகள் எல்லாம் இந்த இரண்டாம் தடத்தில்தான் நடக்கின்றன. ஆனாலும் ‘தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி’ என்பது பதிவான பெயர். அதைக் குழு என்று மாற்றி எழுதுவது மொழிபெயர்ப்பு ஆகாது, பிழை ஆகும்.

இனி, எந்தக் குழு எது?

பொதுக்குழு பெரியது, எப்போதாவது கூடுவது, கடைசி அதிகாரம் கொண்டது. செயற்குழு சிறியது, பொதுக்குழு கூடாத நாட்களில் கட்சியை நடத்துவது. தி.மு.க.வில் இதற்குத் தலைமைச் செயற்குழு என்று பெயர். மாவட்ட, ஒன்றியச் செயற்குழுக்களிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அந்த முன்னொட்டு. பொதுக்குழுவை ஆங்கிலத்தில் கவுன்சில் என்கிறார்கள், கமிட்டி என்பதில்லை. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குபவர் ‘பொது கவுன்சில்’ என்றும், தமிழை ஆங்கிலமாக்குபவர் கமிட்டி என்றும் எழுதி வைப்பதால் ஒரே அமைப்பு இரண்டாகத் தோன்றிவிடுகிறது.

உறுப்பினர் இரண்டு வழியில் உள்ளே வருவார்கள். தலைமை நிர்வாகி, மாவட்டச் செயலாளர் போன்றோர் வகிக்கும் பதவியின் பெயரால் வருபவர்கள். மற்றவர்கள் கிளை, ஒன்றியம், நகரம், மாவட்டம் என்று படிப்படியாக நடக்கும் உட்கட்சித் தேர்தலில் தேர்வாகிறவர்கள். சிறப்பு அழைப்பாளர், நிரந்தர அழைப்பாளர் என்போர் மேடைக்கு அருகில் அமர்ந்திருப்பார்கள். பேசலாம், வாக்கு இல்லை. செய்தியில் ‘கலந்துகொண்டோர்’ எண்ணிக்கையும் தீர்மானத்துக்கு ‘ஆதரவளித்தோர்’ எண்ணிக்கையும் ஒத்துப்போகாததற்கு இவர்களும் ஒரு காரணம்.

பதவிப் பெயர்களில் அதிகம் குழப்புவது ‘அவைத்தலைவர்’. இவர் கட்சித் தலைவர் அல்லர். கூட்டம் நடக்கும்போது அதற்குத் தலைமை தாங்குபவர். மாவட்டத்திலும் அப்படியே: மேடையில் நடு நாற்காலி அவைத்தலைவருக்கு, அதிகாரம் மாவட்டச் செயலாளருக்கு. அ.தி.மு.க.வின் அவைத்தலைவரை ஆங்கில ஏடுகள் சோவியத் வாடை வீசும் ‘பிரசீடியம் சேர்மன்’ என்று எழுதுகின்றன. தமிழ்ச் சொல் அதைவிடத் தெளிவு.

தலைவர் பெரியவரா பொதுச்செயலாளர் பெரியவரா என்பதும் கட்சிக்குக் கட்சி மாறும். 1949 செப்டம்பர் 17 அன்று தி.மு.க. தொடங்கியபோது பெரியாருக்கென்று தலைவர் நாற்காலி காலியாக விடப்பட்டது. அண்ணா பொதுச்செயலாளராகவே கட்சியை நடத்தினார். 1969இல் மு. கருணாநிதி அந்த நாற்காலியில் அமர்ந்தபின் எடை தலைவர் பக்கம் சாய்ந்தது. அண்ணாவின் வழியில் பொதுச்செயலாளரையே உச்சியில் வைத்தது 1972இல் பிரிந்த அ.தி.மு.க. இரு கட்சிகளிலும் பதவியின் பெயர் ஒன்று, உயரம் வேறு.

தேர்ந்தெடுக்கும் கையும் வேறு. தி.மு.க.வில் தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர் ஆகியோரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது. 2022 அக்டோபர் 9 அன்று சென்னையில் கூடிய பொதுக்குழு அதைத்தான் செய்தது. மாவட்டத் துணைச் செயலாளர் இடங்களைப் பொது, ஆதிதிராவிடர், மகளிர் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள்; பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் வருவது அதுதான். ‘மாவட்டப் பொறுப்பாளர்’ என்று வந்தால் அவர் தேர்தலில் வந்தவர் அல்லர், தலைமை அமர்த்தியவர் என்று கொள்ளலாம். செயலாளர் என்ற பெயர் வரும்வரை அவர் நாற்காலி ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

இடதுசாரிகளிடம் அதே சொற்கள் இடம் மாறி நிற்கும். மார்க்சிஸ்ட் கட்சியில் மாநாடு மாநிலக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மாநிலக் குழு தனக்குள்ளிருந்து செயலாளரையும் மாநிலச் செயற்குழுவையும் தேர்ந்தெடுக்கும். இந்தச் செயற்குழு ஆங்கிலத்தின் ‘செக்ரட்டேரியட்’. திராவிடக் கட்சிகளின் செயற்குழுவைவிட மிகச் சிறியது, அன்றாட வேலை பார்ப்பது. மற்ற கட்சியில் செயற்குழு செய்யும் வேலையை இங்கே செய்வது மாநிலக் குழு. பொலிட்பீரோவுக்கு ‘அரசியல் தலைமைக்குழு’ என்ற நல்ல தமிழும் அவர்களிடம் உண்டு. ‘முழுநேர ஊழியர்’ என்பவர் கட்சி வேலையே தொழிலாக, கட்சி தரும் படித்தொகையில் வாழ்பவர். திராவிடக் கட்சியில் ‘நிர்வாகி’ என்றால் பதவி உண்டு, சம்பளம் இல்லை. அலுவலகத்தில் கணக்கு எழுதுபவரும் தட்டச்சு செய்பவரும் பணியாளர்கள், நிர்வாகிகள் அல்லர். அந்த அலுவலகத்தை மேய்க்கும் நிர்வாகிக்குத் தலைமை நிலையச் செயலாளர் என்று பெயர்.

பொருளாளரைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவுப்படி 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் பட்டியலைத் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டியவர் அவர், அல்லது கட்சி அதிகாரமளித்த வேறொருவர். தராவிட்டால் வருமானவரி விலக்கு போகும்.

குழு எப்போது உடைகிறது? பெரும்பாலும் கொள்கையில் அல்ல, கூட்டத்தைக் கூட்டும் அதிகாரத்தில். அ.தி.மு.க. விதிப்படி பொதுக்குழு ஆண்டுக்கொரு முறை கூட வேண்டும். 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் வந்தால் கூட்டம் செல்லும். அதே ஐந்தில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். மொத்தம் 2,665 பேர் என்றால் 533 கையெழுத்து. படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டும் அதிகாரம் 2017க்குப் பிறகு ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற இரண்டு கைகளில் இருந்தது. இருவரும் பிணங்கினால் அழைப்பில் யார் கையெழுத்திடுவது என்று விதியில் இல்லை.

2022இல் இருவரும் பிணங்கினார்கள். ஜூன் 23 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழுவுக்கு முந்திய இரவில் வழக்கு நடந்து, முன்பே முடிவான 23 தீர்மானங்களைத் தவிர வேறெதுவும் நிறைவேற்றக் கூடாது என்று உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. பொதுக்குழு அந்த 23ஐயும் நிராகரித்தது! வேறெதையும் நிறைவேற்றாமல் இருக்க அதுவும் ஒரு வழி. அடுத்த கூட்டம் ஜூலை 11 என்று அறிவித்தவர் அன்றுதான் தேர்வான அவைத்தலைவர். அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதுதான் பின்னர் வந்த வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்று. தனி நீதிபதி ஒரு பக்கம், அமர்வு மறுபக்கம் என்று போய், 2023 பிப்ரவரி 23இல் உச்ச நீதிமன்றம் ஜூலை 11 கூட்டத்தை ஏற்ற அமர்வின் தீர்ப்பை உறுதிசெய்தது. நடுவில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் குறுக்கிட்டது. இவர்தான் கட்சியின் வேட்பாளர் என்று சான்றளித்துச் சின்னம் பெற்றுத்தரும் ஏ, பி படிவங்களில் யார் கையெழுத்து என்ற சிக்கலுக்கு, பொதுக்குழு உறுப்பினர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டு முடிவுசெய்யுமாறு நீதிமன்றம் வழிகாட்டியது. ஒப்படைத்தவர் யார் என்ற பழைய இலத்தீன் கேள்வி, அசல் மனுவாகவே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது.

அந்த ஜூலைக் கூட்டம் இன்னொன்றும் செய்தது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் முறையை மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் போட்டியிட விரும்புபவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், வேறு 10 பேர் வழிமொழிய வேண்டும் என்றும் சேர்த்தது. வாக்கு எல்லோருக்கும், வாசல் மாவட்டச் செயலாளர்களிடம். ஒரு கட்சியின் விதிப்புத்தகத்தைக் கையில் எடுப்பவர் குழுக்களின் பெயர்களை விட்டுவிட்டு முன்மொழிவு விதியை முதலில் படிப்பது நல்லது.

பொதுக்குழு உறுப்பினர் பட்டியல் ஏன் இவ்வளவு பாதுகாக்கப்படுகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். கட்சி பிளந்தால் 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15ஆம் பத்தியின்கீழ் எது உண்மையான கட்சி என்று தேர்தல் ஆணையம் முடிவுசெய்யும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களில் எவருக்குப் பெரும்பான்மை, கட்சி அமைப்புக்குள் எவருக்குப் பெரும்பான்மை என்று எண்ணிப் பார்க்கும். 1971இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற அளவுகோல் இது. அமைப்புக்குள் எண்ணுவதென்றால் பொதுக்குழு உறுப்பினர்களின் பிரமாணப் பத்திரங்களை எண்ணுவது. 2017 மார்ச்சில் முடங்கிய இரட்டை இலை அதே ஆண்டு நவம்பரில் திரும்பியது இப்படி எண்ணித்தான்.

எழுத்துப் பற்றி: செயல் + குழு, செயற்குழு. லகரம் றகரமாகும், அதன்பின் ஒற்று மிகாது. ‘செயற்க்குழு’, ‘செயர்குழு’ இரண்டும் தவறு. பொது + குழு, பொதுக்குழு. இங்கே ஒற்று மிகும். பன்மை குழுக்கள். எக்ஸிகியூட்டிவ் கமிட்டிக்குச் செயற்குழு, ஜெனரல் கவுன்சிலுக்குப் பொதுக்குழு, ஸ்டேட் கமிட்டிக்கு மாநிலக் குழு, அட்ஹாக் கமிட்டிக்குத் தற்காலிகக் குழு. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பார்லிமெண்டரி போர்டுக்கு ஆட்சிமன்றக் குழு என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆட்சியும் இல்லை, மன்றமும் இல்லை, இருந்தாலும் மாற்ற வேண்டாம், எல்லோருக்கும் புரிகிறது.

குழு என்று எழுதும் கட்சிகளிலும் ஒரே ஒரு இடத்தில் கமிட்டி அசையவில்லை: பூத் கமிட்டி. வாக்குச்சாவடிக் குழு என்று தலைமையின் அறிக்கையில் இருக்கும், தேர்தல் நாளில் காலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் கேட்பது “பூத் கமிட்டி ஆளுங்க வந்தாச்சா?” என்றுதான்.