ஓவர்டிரைவ் பெடலைத் திறப்பதற்கு முன் சத்தத்தைச் சமமாக்கிக் கேளுங்கள்

கிட்டார் பெடல்களைப் பழுதுபார்ப்பதும், கேட்கிறவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பதும் என் தொழில். ஓவர்டிரைவ் பெடலோடு, அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டியோடு, வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, இந்த டிஎஸ்9-ஐ 808 ஆக்கிக் குடுங்க. சிப் மாத்தினா போதும்னு சொன்னாங்க." மாற்றிக் கொடுத்தால் எனக்குக் கூலி கிடைக்கும். ஆனால் அவர் தேடுகிற டோன் அந்தச் சிப்பில் இல்லை என்று தெரிந்துகொண்டே காசு வாங்க மனம் வருவதில்லை. என் மேசையில் உட்கார வைத்துச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

டிஎஸ்9, 808 இரண்டும் டியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலின் மாடல்கள். ஐபனெஸ் பெயரில் வந்த அந்தப் பெடலை வடிவமைத்தவர் ஜப்பானின் மேக்ஸான் நிறுவனத்தில் வேலை பார்த்த சுசுமு தமுரா. டிஎஸ்808 வந்தது 1970-களின் கடைசியில், டிஎஸ்9 வந்தது 1982-ல். இரண்டு சர்க்யூட்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒலியைப் பெருக்கி அதன் முனையை வெட்டி மழுக்கும் பகுதி இரண்டிலும் ஒன்றே. வித்தியாசம் இருப்பது ஒலி வெளியேறும் இடத்து இரண்டு ரெசிஸ்டர்களில் (மின்தடைகளில்). 808-ல் 100 ஓமும் 10 கிலோ ஓமும், 9-ல் 470 ஓமும் 100 கிலோ ஓமும். அதற்கடுத்து வரும் ஆம்ப்பின் (கிட்டார் ஒலிபெருக்கியின்) இன்புட் சாதாரணமாக 1 மெகா ஓம். அதன் முன்னால் இந்த 370 ஓம் கூடுதல் குறைச்சல் காதுக்கு எட்டும்படி எதையும் செய்துவிடாது.

அப்புறம் அந்தச் சிப். ஜேஆர்சி 4558டி என்ற பெயருக்கு ஒரு மந்திர சக்தி வந்துவிட்டது. டிஎஸ்9 பலவற்றில் தோஷிபாவின் டிஏ75558 இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 4558 போடுவதுதான் பிரபலமான "808 மாட்" (மாடிஃபிகேஷன், அதாவது மாற்றம்). டியூப் ஸ்கிரீமரில் சிப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்கள். கரகரப்பைக் கூட்டும் டிரைவ் குமிழை முழுக்கத் திருப்பினாலும் சுமார் 118 மடங்குதான். அந்த வேலையைக் காது கேட்கிற எல்லை முழுவதும் செய்ய 4558-க்கும் வேகம் போதும், அதன் இடத்தில் போடுகிற மற்ற சிப்களுக்கும் போதும். சிக்னல் அதற்கு மேல் ஏறாமல் வெட்டுவது இரண்டு சிலிக்கான் டயோடுகள். ஆகவே சிப் தன் குணத்தைக் காட்ட இந்த சர்க்யூட்டில் இடமே குறைவு. எல்லாப் பெடலுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். புரோகோ ராட் பெடலில் இருந்த எல்எம்308 மெதுவான சிப். அந்தப் பெடலுக்கு வேண்டிய அளவுக்கு அதைப் பெருக்க வைக்கும்போது அந்த மந்தமே ஒலியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அங்கே சிப் முக்கியம். டியூப் ஸ்கிரீமரில் இல்லை. இதில் இன்னொரு தொல்லை, பழைய 4558 என்று மேலே அச்சடித்து விற்கப்படும் போலிகள். புது 4558 சில ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். பழசு என்பதற்காக அதற்குப் பல மடங்கு கொடுக்க வேண்டாம்.

சரி, சிப் மாற்றியவர்கள் எல்லாரும் வித்தியாசம் கேட்கிறது என்கிறார்களே? பொய் சொல்லவில்லை. அவர்கள் ஒப்பிடும் முறையில்தான் கோளாறு.

ஒலி கொஞ்சம் கூடினால் அடித்தளமும் (பேஸ்) உச்சமும் (ட்ரெபிள்) நமக்குக் கூடுதலாகக் கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. இரண்டு பெடல்களில் ஒன்று ஓரிரு டெசிபெல் கூடுதலாக இருந்தால், "சத்தம் அதிகம்" என்று நமக்குத் தோன்றாது. "நிறைவாக இருக்கிறது", "திறந்த மாதிரி இருக்கிறது" என்றுதான் தோன்றும். கடையில் இரண்டு பெடலை மாற்றி மாற்றி மிதித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் ஜெயிப்பது சத்தம் கூடிய பெடல். மாட் செய்த பெடலை வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய ஞாபகத்தோடு ஒப்பிடுவது அதைவிட மோசம். டோனை நம் ஞாபகம் அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருப்பதில்லை.

குமிழ்களை ஒரே இடத்தில் வைத்தால் நியாயமான ஒப்பீடு என்று நினைப்பதும் தவறு. இந்தப் பெடல்களில் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்கள் (மாறு மின்தடைகள்) 20 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். ஒரே மாடலில், ஒரே வாரத்தில் செய்த இரண்டு பெடல்களின் டிரைவ் குமிழைப் பன்னிரண்டு மணிக்கு நேராக வைத்தாலும் உள்ளே இருக்கும் மின்தடை வேறு வேறு. "என் நண்பனோட டிஎஸ்9 என்னோடதைவிட நல்லா இருக்கு" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் செய்வது, இரண்டையும் மேசையில் வைத்து, குமிழ்களைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுத் திருப்பிச் சமமாக்குவதுதான். பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும். அவர் பெடலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இதை நீங்களே வீட்டில் செய்யலாம். லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும்) பெடல் இருந்தால் அதில் ஒரு சின்ன ரிஃபைப் பதிவு செய்து, ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்து ஓட விடுங்கள். விரல் அழுத்தம் ஒவ்வொரு தடவையும் மாறுகிற பிரச்சினை போய்விடும். (ஃபஸ் என்ற இன்னொரு வகைப் பெடல்கள் பலவற்றுக்கு இந்த வழி ஒத்துவராது, அவற்றுக்குக் கிட்டாரின் பிக்கப் நேரடியாக இணைந்திருக்க வேண்டும். டியூப் ஸ்கிரீமர் மாதிரி இன்புட்டில் பஃபர், அதாவது சிக்னலைப் பலமாக்கி அனுப்பும் சிறு பகுதி, உள்ளவற்றுக்குப் பரவாயில்லை.) இரண்டு பெடலின் லெவல் குமிழையும் சமமாகக் கேட்கும்வரை திருப்புங்கள். கைபேசியில் இருக்கும் டெசிபெல் செயலி போதும், கைபேசியை ஒரே இடத்தில் வைத்திருந்தால் சரி. அப்புறம் வேறு ஒருவரைப் பெடல்களை மாற்றச் சொல்லி, நீங்கள் திரும்பி உட்கார்ந்து கேளுங்கள். கடைசியாக ஒரு பேஸ், டிரம்ஸ் டிராக்கோடு சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேட்கும்போது "மூக்கடைச்ச மாதிரி இருக்கு" என்று நீங்கள் ஒதுக்கிய பெடல், குழுவோடு சேரும்போது தெளிவாக மேலே எழும்பி நிற்கலாம். அது தற்செயல் இல்லை. அதற்கான காரணம் பெடலுக்கு உள்ளேயே இருக்கிறது. உண்மையில் மாற்றத் தகுந்த இடமும் அதுதான்.

டியூப் ஸ்கிரீமரின் சிப்புக்குள் இருக்கும் முதல் ஆப்-ஆம்ப்பில் (பெருக்கும் பகுதியில்) 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வரிசையாகச் சர்க்யூட்டின் தரையோடு (கிரவுண்ட்) இணைந்திருக்கும். இந்த ஜோடி 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வரும். தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 82 ஹெர்ட்ஸ். டிரைவ் முழுக்க இருக்கும்போது உயர்ந்த சுரங்கள் 118 மடங்கை நெருங்க, அந்த 82 ஹெர்ட்ஸ் 13 மடங்கு அளவுதான் பெருகும். இதனால்தான் டியூப் ஸ்கிரீமரில் அடித்தளம் கலங்குவதில்லை. ஹெவி மெட்டல் வாசிப்பவர்கள் டிரைவைக் குறைத்து, லெவலைக் கூட்டி, ஏற்கெனவே கெயின் (பெருக்கம்) அதிகமுள்ள ஆம்ப்பின் முன் வைத்து அடிநாதத்தை இறுக்குவதும் இதனால்தான். அது மட்டுமல்ல, இந்த சர்க்யூட் எவ்வளவு வெட்டினாலும், வெட்டாத மூல சிக்னல் ஒரு மடங்கு அப்படியே கூடவே கடந்து போகும். விரலின் மென்மை கடுமை இந்தப் பெடலில் தொலையாமல் கேட்பதற்கு அது ஒரு காரணம்.

இப்போது, உங்களுக்கு அடித்தளம் கூடுதலாக வேண்டும் என்றால் அந்த ஒரே கெப்பாசிட்டரை மாற்றினால் போதும். 0.068 போட்டால் அந்த 720 ஹெர்ட்ஸ் எல்லை ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 0.1 போட்டால் 340-க்குப் பக்கம். ஃபெண்டர் ஸ்ட்ராட் மாதிரி சிங்கிள் காயில் கிட்டாரைச் சுத்தமான ஆம்ப்பில் வாசிப்பவர்களுக்கு 0.068 பொருத்தமாக இருக்கும். ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) கிட்டாரோடு 0.1 போட்டால் கலங்கும், நான் பரிந்துரைப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டரே போதும். "ஆடியோ கிரேடு" என்று தனி விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

டயோடு மாற்றுவதும் நியாயமான மாற்றம். சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட் அருகில் வெட்டத் தொடங்கும், ஜெர்மானியம் 0.3 அருகில், சிவப்பு எல்இடி 1.6 வோல்ட்டைத் தாண்டித்தான். எல்இடி போட்டவுடன் பெடல் விரிந்து திறந்ததாகத் தோன்றும். அதில் பெரும்பகுதி சத்தம் கூடியது. லெவலைக் குறைத்துச் சமமாக்கிய பிறகும் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த மாற்றம் வேறு: ஒரு பக்கத்து டயோடோடு இன்னொரு சிலிக்கான் டயோடை (1என்4148) வரிசையாகச் சேர்ப்பது. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. சிக்னலின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வேறு வேறு அளவில் வெட்டப்பட்டு இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் கூடும். பாஸ் நிறுவனம் 1977-ல் கொண்டுவந்த ஓடி-1, அதற்குப் பின் 1981-ல் வந்த எஸ்டி-1 இரண்டிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. அதனால் இந்தக் குணம் வேண்டும் என்று வருகிறவர்களிடம், டியூப் ஸ்கிரீமரை அறுப்பதைவிட ஒரு எஸ்டி-1 வாங்கிவிடுங்கள் என்றே சொல்கிறேன். விலையும் குறைவு.

இதே போலத்தான் கிளான் சென்டார் என்ற ஓவர்டிரைவ் பெடலின் கதையும். பில் ஃபினகன் 1994-ல் விற்கத் தொடங்கியது. சர்க்யூட் தெரியக்கூடாது என்று போர்டின் மேல் எப்பாக்சி பசை ஊற்றியிருந்தார். ஜெர்மானியம் டயோடுகள்தான் அதன் ரகசியம் என்று ஒரு நம்பிக்கை பரவி, அவற்றைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெடலைப் பலரும் கெயினைக் குறைத்து, வால்யூமைக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அந்த நிலையில் டயோடுகளுக்குப் பெரிய வேலையே இல்லை. அவரே பின்னால் கொண்டுவந்த கேடிஆர் பெடலின் மேல், இந்த அபத்தமான பரபரப்பு தான் கிளப்பியதல்ல என்ற பொருளில் ஃபினகனே ஒரு வரி அச்சிட்டிருக்கிறார்.

கிளான் வகைப் பெடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "18 வோல்ட் கொடுத்தா ஹெட்ரூம் கூடும்" (வெட்டுப்படாமல் சிக்னல் ஏற இடம் கூடும்) என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டு அப்படியே செருகிவிடாதீர்கள். அந்த சர்க்யூட்டுக்குள் 9 வோல்ட்டை இரட்டிப்பாக்கும் ஒரு சார்ஜ் பம்ப் சிப் இருக்கிறது. மேக்ஸ்1044 என்றால் அதன் தாங்கும் எல்லை 10 வோல்ட் அளவுதான். 18 கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். டியூப் ஸ்கிரீமருக்கு 18 கொடுத்துப் பயனும் இல்லை, ஏனென்றால் டயோடுகள் அதற்கு வெகு முன்னாலேயே வெட்டிவிடுகின்றன. பெடலுக்குள் 16 வோல்ட் மட்டும் தாங்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இருந்தால் அதுவும் போகும். வீட்டில் கிடக்கும் ரௌட்டர் அடாப்டரைச் செருகுவதும் அப்படித்தான்: அது பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பெடல்களுக்கு வேண்டியது 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். தலைகீழாகக் கொடுத்ததில் பாதுகாப்பு டயோடு எரிந்து, சில நேரம் போர்டின் செம்புத் தடத்தோடு சேர்ந்து எரிந்து வருகிற பெடல்கள் என்னிடம் ஓயாமல் வருகின்றன.

தேவாலயங்களில் வாசிக்கும் தம்பிகள் கொண்டுவரும் புகார் தனி ரகம். "அண்ணா, டிரைவ் போட்டா கொசு கத்துற மாதிரி இருக்கு, மாட் பண்ணிக் குடுங்க." எங்கே செருகுகிறீர்கள் என்று கேட்டால், பெடலிலிருந்து நேராக மிக்சருக்கு. ஆம்ப் இல்லை. கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். ஓவர்டிரைவ் உருவாக்குகிற கூர்மையான உச்சங்களை அந்த ஸ்பீக்கர்தான் வடிகட்டுகிறது. தேவாலயத்தின் பிஏ ஸ்பீக்கர் அதையெல்லாம் அப்படியே கொட்டும். எந்தக் கெப்பாசிட்டரை மாற்றினாலும் இது முழுசாகத் தீராது. அங்கே வேண்டியது, பெடலுக்கும் மிக்சருக்கும் நடுவில், கிட்டார் ஸ்பீக்கர் மாதிரி வடிகட்டும் ஒரு கேபினட் சிமுலேட்டர். அந்தப் பணத்தைப் பெடலை மாற்றுவதற்குச் செலவு செய்ய விட்டால் அது அநியாயம்.

ட்ரூ பைபாஸ் ஆக்கச் சொல்கிறவர்களுக்கும், அதாவது பெடல் அணைந்திருக்கும்போது சிக்னல் அதன் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போக வேண்டும் என்கிறவர்களுக்கும், ஒரு வார்த்தை. கிட்டார் கேபிளில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் சேரும், அது உச்ச ஒலியை மங்கச் செய்யும். பன்னிரண்டு மீட்டர் கேபிள் போகும் மேடையில் உங்கள் உச்ச ஒலியைக் காப்பாற்றுவது டிஎஸ்9-க்குள் இருக்கும் அந்த பஃபர்தான். பெடல் வரிசையில் வேறு பஃபர் இல்லாவிட்டால் அதைப் பிடுங்க வேண்டாம்.

எதைச் செய்வதானாலும், கழற்றிய பாகங்களை ஒரு சின்ன உறையில் போட்டுப் பெடல் பெட்டியிலேயே வையுங்கள். சிப் இடத்தில் ஐசி சாக்கெட் வையுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சூடு பட்டால் போர்டிலிருந்து செம்பு உரிந்து வந்துவிடும், அதைச் சரி செய்வது பாகத்தை மாற்றுவதைவிடப் பெரிய வேலை. 1980-ஐ ஒட்டி வந்த அசல் டிஎஸ்808 கையில் இருந்தால் அதை யாரிடமும் கொடுத்துத் திறக்க வேண்டாம், என்னிடமும்தான். தொடாத நிலையில் இருப்பதுதான் அதன் விலை.

பெடலைத் திறந்து ஒரு கெப்பாசிட்டரை வெற்றிகரமாக மாற்றியவர்களுக்கு அடுத்து வால்வ் ஆம்ப்பைத் திறக்கக் கை துறுதுறுக்கும். பெடலுக்குள் இருப்பது 9 வோல்ட். தவறினால் ஒரு பாகம் போகும். வால்வ் ஆம்ப்பின் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 300, 400 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். உயிர் போகும். அவற்றில் தேங்கிய மின்சாரத்தை இறக்கி, மீட்டரில் சரிபார்க்கப் பழகியவர் பக்கத்தில் இல்லாமல் அந்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.