மலைக் கோசுக்கும் சமவெளிக் கோசுக்கும் ஒரே மூடாக்கு போதுமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதற்குள் பஸ் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே 32 டிகிரி வெயில் என்றால் மேலே 20 டிகிரிதான். நாம் பையிலிருந்து ஸ்வெட்டரைத் தேடி எடுக்கிறோம். முட்டைக்கோசுக்கோ அதுதான் சொந்த ஊர்க் காற்று.

ஐரோப்பியக் கடற்கரைக் குளிரில் வளர்ந்த காட்டுச் செடியிலிருந்து வந்தது கோஸ். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட வைத்ததற்கு அந்தக் குளிர்தான் காரணம். 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் புது இலைகள் விரியாமல் உள்நோக்கி வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று படிந்து இறுகும். 25 டிகிரியைத் தாண்டினால் இலை விரிந்தபடியே நிற்கும், பந்து இறுகாது. வெப்பம் தாங்கும் வீரிய ரகங்கள் வந்த பிறகு ஒட்டன்சத்திரம், ஓசூர் பக்கமும் கோஸ் விளைகிறது. ஆனால் அங்கே அந்தச் செடி தன் எல்லையின் விளிம்பில் நின்றுதான் வளர்கிறது. செடியைச் சுற்றி மண்ணின்மேல் வைக்கோல், தோகை, சருகு என்று பரப்பி மூடுவதுதான் மூடாக்கு. அதன் அருமை அங்கேதான் தெரியும்.

வெயில் காயும் மதியம் இரண்டு மணிக்கு, வெறும் மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அரை நிமிடம் தாங்காது. மேல்மண் 50 டிகிரியைத் தொடுவதும் உண்டு. பக்கத்திலேயே நான்கு விரல் கனத்துக்குக் கரும்புத் தோகை பரப்பிய பாத்தியில், தோகைக்கு அடியில் கையை விடுங்கள். மண் சில்லென்று, விரலில் ஒட்டும் ஈரத்தோடு இருக்கும். தோகைக்கு இடையில் அடைபட்டிருக்கும் காற்றுதான் இதைச் செய்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதோடு நிழலும் சேர்ந்துகொள்கிறது. ஈரம் ஆவியாகிப் போகும் வழியும் அடைபடுகிறது. கோசின் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது என்பதால், இந்த மேல்மண்ணின் சூடும் ஈரமும்தான் அதற்கு எல்லாமே.

ஈரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நன்றாக இறுகிய கோஸ் நடுவில் பிளந்து நிற்பதைப் பார்த்த விவசாயியின் வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பூச்சியோ நோயோ அதற்குக் காரணமில்லை. சில நாள் காய்ந்த மண்ணில் திடீரென்று ஒரு பெருமழை பெய்கிறது. வேர்கள் தண்ணீரை வேகமாக இழுக்கின்றன. உள்ளே இருக்கும் இளம் இலைகள் உப்புகின்றன. வெளி இலைகள் ஏற்கெனவே முற்றிவிட்டதால் அவற்றுக்கு விரிய வழியில்லை; பிளந்துகொள்கின்றன. மூடாக்கு போட்ட மண் அவ்வளவு காய்வதும் இல்லை, அவ்வளவு சட்டென்று நனைவதும் இல்லை. அதனால் பிளவு குறைகிறது.

சரி, இதே தோகையையோ வைக்கோலையோ லாரியில் ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோனால்? மழைக்காலத்தில் அங்கே அதற்கு வேறு வேலை காத்திருக்கிறது. பெரிய மழைத்துளி ஒன்று மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது. கேத்தி பள்ளத்தாக்கு போன்ற சரிவுகளில் அப்படி அடிக்கும் ஒவ்வொரு துளியும் மண்துகளைப் பெயர்த்துக் கீழ்நோக்கி அனுப்புகிறது. மூடாக்கு அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. மலைத் தோட்டத்தில் வெறும் மண்ணாகக் கிடக்கும் சரிவைப் பார்த்தாலே எனக்கு மனசு பதைக்கும். ஓடிப்போன மேல்மண் நம் ஆயுளுக்குள் திரும்பி உருவாகப் போவதில்லை.

ஆனால் அதே மூடாக்கு ஈரம் மிகுந்த குளிர்மண்ணில் தொல்லையும் தரும். மூடுபனியில் ஏற்கெனவே நனைந்த பாத்தியைக் கனமாக மூடினால் நத்தைகளுக்கு நல்ல வீடு கிடைத்துவிடும். வேர்கள் கரணை கரணையாக வீங்கும் நோயின் கிருமி மண்ணிலுள்ள நீரில் நீந்தித்தான் வேரைத் தேடி வருகிறது. அமிலத்தன்மையுள்ள ஈரமண் அதற்கு மிகவும் பிடிக்கும். எனவே மலையில் மூடாக்கு மெல்லியதாக, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருப்பதே நல்லது. சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைக் குறைப்பதும் அதோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

மட்கும் வேகமும் உயரத்துக்கு உயரம் மாறும். வெப்பம் 10 டிகிரி கூடினால் நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். சமவெளியில் பரப்பிய வைக்கோல், ஈரமும் கரையானும் சேர்ந்துகொண்டால், அறுவடைக்குள் பாதி காணாமல் போயிருக்கும். ஊட்டியில் சில்வர் ஓக் மரத்தின் சருகு அடுத்த பயிர் வரைக்கும் அப்படியே கிடக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு சுமார் 70 பங்கு கார்பன் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு வேண்டிய விகிதம் ஒன்றுக்கு 25 அளவுதான். குறையும் நைட்ரஜனை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். மேலே பரப்பியிருக்கும்வரை இந்த இழப்பு மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும். கொத்தி உள்ளே புதைத்தால் கோஸ் வெளிறிப்போகும். வைக்கோலுக்கு அடியில், நைட்ரஜன் நிறைந்த கிளைரிசிடியா மரத் தழையை ஒரு அடுக்கு போட்டால் அந்தக் குறை நிரம்பும்.

அப்புறம் மலையின் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமில்லாத இரவுகளில், பகலில் மண் சேர்த்து வைத்த வெப்பம் மேலே கிளம்பிச் செடியைத் தொட்டுப் போகும். செடிக்கு அந்த நேரத்தில் இருக்கும் ஒரே கணப்பு அதுதான். மண்ணின்மேல் வைக்கோல் கிடந்தால் வெப்பம் அடியிலேயே தங்கிவிடும். வேர் சுகமாக இருக்க, மேலே இலை வெறும் மண்ணில் நிற்கும் செடியைவிடக் கூடுதலாக உறையும். சமவெளியில் செடியைக் காப்பாற்றிய அதே அடைபட்ட காற்று இங்கே குறுக்கே நிற்கிறது. நீலகிரித் தோட்டங்களில் பனிக்காலத்தில் தேயிலைச் செடிகளின் தலைக்கு மேல் தாகை என்ற செடியை வெட்டிப் போர்த்தி வைத்திருப்பார்கள். போர்வை செடிக்கு மேலே இருந்தால் மண்ணின் சூடு செடியோடு தங்கும், கீழே இருந்தால் செடிக்கு எட்டாது. நாற்று நட்டிருக்கும் கோஸ் பாத்தியில், பனி இறங்கும் வாரங்களில் வைக்கோலை வரிசைக்கு நடுவே ஒதுக்கி வைத்துவிட்டு, பிப்ரவரி கடந்ததும் மறுபடி செடியோரமாக இழுத்துப் பரப்பிக்கொள்ளலாம்.