வீட்டு பிளான் போடும் மென்பொருளுக்குக் கடலூர் வெயில் தெரியுமா?

கடலூர் பக்கத்து நெல்லிக்குப்பத்தில் 30-க்கு 40 மனை வாங்கியிருக்கும் வாசகர் கேட்கிறார்: “இன்ஜினியரிடம் போவதற்கு முன் நானே பிளான் போட்டுப் பார்க்க எந்த மென்பொருள் நல்லது?”

அறை, சுவர், கதவு வைத்துப் பார்க்க ஸ்வீட் ஹோம் 3டி போதும். இலவசம்தான். முப்பரிமாணத்தில் விருப்பம்போல் மாற்றிப் பார்க்க ஸ்கெட்ச்அப். தொழில்முறை வரைபட மென்பொருளான ஆட்டோகேட் இன்ஜினியரோடு இருக்கட்டும். எதை எடுத்தாலும் ஒன்றைப் பாருங்கள்: ஊர், தேதி, நேரம் கொடுத்தால் நிழல் விழுவதைக் காட்டுகிறதா?

நிழலைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1978-இல் கணினி வரைகலை ஆய்வாளர் லான்ஸ் வில்லியம்ஸ் சொன்ன வழி ஒன்று இருக்கிறது, எனக்கு அதன் மேல் தீராத ஆசை. முதலில் கணினி சூரியன் இருக்கும் இடத்தில் போய் நின்று வீட்டைப் பார்க்கிறது. அங்கிருந்து பார்த்தால் நிழலே தெரியாது! சூரியனுக்குத் தெரிவதெல்லாம் வெயில் படுகிற இடம்தானே. ஒவ்வொரு திசையிலும் முதலில் எதிர்ப்படும் பரப்பு எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்கிறது. அப்புறம் நம் பக்கம் வந்து, கட்டில் மேல் ஒரு புள்ளியை எடுக்கிறது. சூரியனிலிருந்து அந்தப் புள்ளிக்கு உள்ள தூரம், அதே திசையில் குறித்த தூரத்தைவிட அதிகமா? அப்படியானால் நடுவில் ஏதோ மறைக்கிறது. சன்ஷேடாக இருக்கலாம், பக்கத்து வீட்டு மாடியாகவும் இருக்கலாம். அந்தப் புள்ளிக்குக் கறுப்பு. இப்படிப் பல லட்சம் புள்ளிகள், கண் இமைப்பதற்குள்.

இதனால் நமக்கு என்ன? நான்கடி உயர ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் என்று வையுங்கள். தெற்கு ஜன்னலில் டிசம்பர் நண்பகலிலும் ஏறக்குறைய மூன்றடி நிழல் கிடைக்கும். அதே சன்ஷேடை மேற்கில் வைத்தால், மே மாத நடுவில் மாலை 4 மணிக்கு ஒன்றரை அடிகூட மறைக்காது. மீதி இரண்டரை அடி வெயிலும் நேரே படுக்கைக்கு வரும். வாஸ்து பார்த்துப் படுக்கையறையைத் தென்மேற்கு மூலையில் வைத்து, மேற்குச் சுவரில் பெரிய ஜன்னலும் திறந்துவிட்டு, பிறகு ஏசிக்குக் கரண்ட் பில் கட்டுகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. மூலையைப் பார்த்தவர்கள் வெயிலையும் பார்த்திருக்கலாம்.

ஆனால் ஊர் கொடுக்க மறந்தால் மென்பொருள் எங்கோ ஒரு வெளிநாட்டு ஊரை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஏப்ரல் 21-ஐயும் ஆகஸ்ட் 21-ஐயும் ஒட்டிச் சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மென்பொருளில் பத்தடித் தூண் ஒன்றை நட்டு, ஏப்ரல் 21, பகல் 12.10 என்று கொடுங்கள். நிழல் தூணின் காலடியிலேயே அடங்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு 40 பாகை வடக்கே உள்ள ஊரில் அன்றைய நண்பகலில் அதே தூணுக்கு ஐந்தடிக்கு மேல் நிழல் நீளும். உங்கள் திரையிலும் நீண்டால், ஊரைத் திருத்திவிட்டு ஜன்னல்களை மறுபடி பாருங்கள்.